பழைய மோட்டார் படகு வாங்கும் முன்: ஓர் ஆய்வறிக்கையும் அதன் பதினேழாவது குறிப்பும்

பின்னணி

இதில் வரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. வாங்கியவர் நடுத்தர வயதுக்காரர். நண்பர்களின் படகில் பலமுறை போயிருக்கிறார், சொந்தமாக வைத்திருந்ததில்லை. விற்றவர் அந்தப் படகின் இரண்டாவது உரிமையாளர். ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார். மூன்றாமவர், வாங்குபவர் கூலி கொடுத்து அமர்த்திய படகு ஆய்வாளர். ஃபைபர் வேலை தெரிந்தவன் என்பதால் அறிக்கை கைக்கு வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முதல் ஆய்வின்போது நான் அங்கு இல்லை. அந்தப் பகுதியை அறிக்கையையும் ஆய்வாளர் பின்னால் சொன்னதையும் வைத்தே எழுதுகிறேன்.

படகின் நீளம் 6.4 மீட்டர். ஃபைபர் உடல், அணியத்தில் (முன்பகுதியில்) சிறு அறை, பின்னால் 115 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் ஒன்று, கூடவே டிரெய்லர். படகுக்கும் இன்ஜினுக்கும் வயது 14. இன்ஜின் கணினி காட்டிய மொத்த ஓட்டம் 640 மணி நேரம். விற்பவர் இந்த எண்ணைத்தான் முதலில் சொன்னார், வாங்குபவர் மயங்கியதும் இதில்தான். குறைந்த மணி நேரம் நல்ல செய்திதான். ஆனால் 14 ஆண்டில் 640 மணி என்றால் படகு பெரும்பாலான காலம் சும்மா நின்றிருக்கிறது என்றும் பொருள். நிற்கும் படகில் ரப்பர் இறுகும், பெட்ரோல் கெடும், மழைத்தண்ணீர் போகாத இடத்துக்கெல்லாம் போய் உட்காரும்.

வாங்குபவர் ஒன்றைச் சரியாகச் செய்திருந்தார். முன்பணம் கொடுக்கும்போதே, ஆய்வின் முடிவும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்த முடிவும் திருப்தி தராவிட்டால் முழுப்பணமும் திரும்பும் என்று எழுதி வாங்கியிருந்தார். பின்னால் நடந்த பேச்சு எதுவும் அந்த ஒரு வரி இல்லாமல் நடந்திருக்காது.

ஆய்வு நாள்

காலையில் தரையில் தொடங்கிய ஆய்வு மதியம் தண்ணீரில் முடிந்தது. படகை முந்தைய நாள்தான் தண்ணீரிலிருந்து எடுத்து டிரெய்லரில் ஏற்றியிருந்தார்கள். ஈரமானியின் அளவைப் படிக்கும்போது இது முக்கியம். அந்தக் கருவி தண்ணீரை நேராக அளப்பதில்லை. பொருளின் மின்தன்மை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மேற்பரப்பில் ஒட்டிய ஈரம், உப்புப் படிவு, செம்பு கலந்த அடிப்பூச்சு, பலகைக்குப் பின்னால் இருக்கும் உலோகம் என எதுவும் முள்ளை ஏற்றிவிடும். நேற்று வரை மிதந்துகொண்டிருந்த படகின் அடிப்பாகம் முழுவதும் "அதிகம்" என்று காட்டினால் அதில் வியப்பில்லை. ஓர் இடம் தன் பக்கத்து இடத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறது என்பதுதான் பயன்படும் தகவல்.

ஆய்வாளர் ஹல்லின், அதாவது படகு உடலின், எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆவணங்களோடு ஒப்பிட்டார், சரியாக இருந்தன. உடல் முழுவதையும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், அளந்தார். பிறகு தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஓட்டினார். மூன்று நாளில் 31 குறிப்புகளோடு அறிக்கை வந்தது.

அறிக்கை வந்தபோது

வாங்குபவர் அதை என்னிடம் நீட்டியபோது மூன்று நிறப் பேனாவால் கோடு போட்டிருந்தார். சிவப்பில் இரண்டு: ஹல்லின் அடியில் சுமார் 40 கொப்புளங்கள், நான்காவது சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. மஞ்சளில் ஐந்தாறு. மீதியெல்லாம் பச்சை. "அண்ணே, இன்ஜினும் போச்சு, அடியும் போச்சு. விட்டுடலாமா?" என்றார்.

நிறத்தை எதைப் பார்த்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். படித்ததும் எது பயமாக இருந்ததோ அது சிவப்பு என்றார். நேர்மையான பதில். முதல் படகு வாங்கும் பலரும் இப்படித்தான் படிக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியை வைத்து 31 குறிப்புகளையும் மறுபடி படித்தோம்: இதை ஒரு பருவம் முழுக்கத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? இருக்கைத் துணி கிழிந்தது, விளக்கு எரியாதது, தீயணைப்பான் காலாவதியானது எல்லாம் கடையில் வாங்கி மாற்றும் சமாச்சாரம். தியாகத் துத்தநாகம் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்க, தான் கரைவதற்காகவே வைப்பது அது. கரையாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கியர் எண்ணெய் தெளிவாக இருந்தது. அதன் காந்தத் திருகில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது. அது தேய்மானத்தின் இயல்பு. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தாலோ, ஊசி போன்ற உலோகச் சில்லுகள் இருந்தாலோ பேச்சு வேறு.

பச்சையில் இருந்த ஒன்று மட்டும் உடனே இடம் மாறியது. "பெட்ரோல் ஹோஸில் மேற்பரப்பு வெடிப்பு." செலவு சொற்பம் என்பதால் பச்சை போட்டிருந்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் இறங்கி அங்கேயே தங்கும். ஒரு சுவிட்சின் பொறி போதும். மலிவான குறிப்பு ஆபத்தில்லாத குறிப்பாகிவிடாது.

கொப்புளங்கள்

சிவப்புக் கோட்டின் முதல் குறிப்பை முடிக்க அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. கொப்புளங்கள் எல்லாம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆய்வாளர் மூன்றைக் குத்திப் பார்த்திருந்தார். இரண்டு, பெயிண்டுக்கும் ஜெல்கோட்டுக்கும் (ஃபைபரின் வழவழப்பான வெளிப்பூச்சு) நடுவில் வெறும் காற்று. மூன்றாவதில் மட்டும் வழுக்கலான திரவம், வினிகர் போன்ற நெடி. அது ஆஸ்மோசிஸ்: தண்ணீர் ஜெல்கோட்டை மெல்லக் கடந்து உள்ளே போய், ஃபைபரைப் பிணைக்கும் ரெசினில் கரையக்கூடியவற்றைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுத்து உப்புவது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் அதைக் குத்தக் கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும்.

வருடம் முழுக்கத் தண்ணீரில் மிதந்த 14 வயதுப் படகில் இது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஃபைபர் அடுக்கு ஆழமாகப் பிரிந்து, உள்ளங்கை அளவு கொப்புளங்கள் வந்திருந்தால் நானும் வேண்டாம் என்றிருப்பேன். இந்த அளவு கொப்புளங்களால் படகு மூழ்காது. விலை பேசும்போது விற்பவர் முகத்தைச் சுளிக்க வைக்க மட்டும் உதவும்.

நான்காவது சிலிண்டர்

அறிக்கையில் இருந்த அளவுகள்: 190, 188, 191, 168 பி.எஸ்.ஐ. நான்காவது மற்றவற்றைவிட ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கவலைப்பட வேண்டும் என்பது பட்டறை வழக்கு. இது அந்த எல்லைக்கோட்டில் நின்றது.

அளந்த விதத்தை ஆய்வாளரிடம் தொலைபேசியில் கேட்டோம். மறைக்காமல் சொன்னார்: இன்ஜின் குளிர்ந்திருந்தது, படகின் சொந்த பேட்டரியில்தான் சுழற்றினார், நான்காவது சிலிண்டரைக் கடைசியாக அளந்தார். அந்த பேட்டரி பலவீனமானது என்று அதே அறிக்கையின் வேறொரு பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் அளவு குறையும். முதல் மூன்று சிலிண்டருக்குச் சுற்றிக் களைத்த பேட்டரி நான்காவதைச் சுற்றியிருக்கிறது.

இரண்டாவது முறை போனபோது முழுச் சார்ஜ் ஏற்றிய வேறு பேட்டரி கொண்டுபோனோம். இன்ஜினைச் சூடேற்றி, நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை (காற்று போகும் வழியை) முழுதாகத் திறந்துவைத்து, இந்த முறை நான்காவதில் தொடங்கினோம். 187, 190, 188, 189. இன்ஜினைப் பற்றிய பயம் அங்கே முடிந்தது. பழைய அவுட்போர்டு படகின் விலையில் பெரும்பங்கு இன்ஜினுடையது என்பதால், இந்த நான்கு எண்கள் எங்களை அளவுக்கு மீறிச் சந்தோஷப்படுத்தின என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

பதினேழாவது குறிப்பு

பச்சைக் கோடு போட்ட குறிப்புகளில் ஒன்று இப்படி இருந்தது: "டிரான்சம், உட்புறம், வடிகால் துளையின் பித்தளைக் குழாயைச் சுற்றிப் பழுப்பு நிறக் கசிவுத் தடம். ஈரமானி அளவு சுற்றுப்புறத்தைவிட அதிகம். கண்காணிக்கவும்."

டிரான்சம் என்பது இன்ஜின் தொங்கும் பின்பலகை. வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்திருப்பது அந்த மரம்தான். அதனால்தான் பலகைக்கு விறைப்பு. இந்த வகை இன்ஜினின் எடை சுமார் 170 கிலோ. இந்தப் படகில் இருந்தது 20 அங்குல ஷாஃப்ட். அதாவது புரொப்பல்லர் தள்ளும் விசை டிரான்சத்தின் மேல் விளிம்பிலிருந்து அரை மீட்டருக்கும் கீழே பிறக்கிறது. ஒவ்வொரு அலையிலும் ஒரு கடப்பாரையை வைத்து நெம்புவது போல அந்தப் பலகையை அது நெம்புகிறது. நடுமரம் உளுத்துப்போனால் மிஞ்சுவது இரண்டு மெல்லிய தோல்கள் மட்டும்.

வடிகால் குழாயைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகள் நேராக அந்த மரத்துக்குள்தான் இறங்குகின்றன. அவற்றைச் சுற்றிய பசை காய்ந்து விரிசல் விட்டால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். பழுப்பு நிறம் மரத்தின் சாறு. துரு இவ்வளவு வெளிறி இருக்காது, பித்தளையில் துரு வரவும் வராது.

ஒரு தாளில் படகின் பின்புறத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, 31 குறிப்புகளில் பின்புறத்தைப் பற்றியவற்றின் எண்ணை அந்தந்த இடத்தில் எழுதினேன். ஆய்வறிக்கைகள் பொதுவாக ஹல், இன்ஜின், மின்சாரம், தோற்றம் என்று பிரிவு பிரிவாக எழுதப்படுகின்றன. படகு அப்படிப் பிரிந்து கெடுவதில்லை. ஹல் பிரிவில் 17. இன்ஜின் பொருத்தம் என்ற பிரிவில் 9: "கீழ் போல்ட்டுகளின் வாஷர்கள் ஃபைபரில் சற்று அமிழ்ந்துள்ளன." தோற்றம் என்ற பிரிவில் 22: "இன்ஜின் குழியின் இடது மூலையில் ஜெல்கோட்டில் நூல் வெடிப்பு." மூன்று பக்கங்களில் சிதறிக் கிடந்த மூன்று குறிப்புகளும் தாளில் பார்த்தபோது படகின் ஒரு முழ இடத்துக்குள் வந்து நின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லலாம். வாஷர் அமிழ்ந்தால் உள்ளே மரம் நசுங்கியிருக்கிறது, மூலையில் வெடித்தால் பலகை அசைகிறது, கீழே பழுப்பாகக் கசிந்தால் தண்ணீர் உள்ளே இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக வைத்த பிறகு சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கண்காணிக்கவும்" என்றால் என்ன என்று ஆய்வாளரிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "சார், துளை போட எனக்கு அனுமதி இல்லை. தெரியாததை உளுத்திருக்கு என்று எழுத முடியாது. சந்தேகம் இருக்கு என்பதை அதற்கு மேல் எப்படி எழுதுவது?" என்றார். அவர் எழுதியதில் பிழை இல்லை. படித்த விதத்தில்தான் பிழை. எதையும் உடைக்காமல் செய்யும் ஆய்வில் மென்மையாக எழுதப்பட்ட சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது, ஒரு தொலைபேசி அழைப்பு தூரத்தில் இருந்தது.

துளையிட்டது

ஈரம் என்பதும் உளுப்பு என்பதும் ஒன்றல்ல. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உளுக்க வைக்கும் பூஞ்சை வளராது. நனைந்த மரமும் உடனே உளுத்துவிடுவதில்லை. மரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

துளை என்றதும் விற்பவர் கோபப்பட்டார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது: வாங்காமல் போனால் ஓட்டை விழுந்த படகு அவரிடம்தானே நிற்கும். கடைசியில் எழுதிக்கொண்டு செய்தோம். உட்புறத் தோலில் மட்டும் 4 மில்லிமீட்டர் துளைகள் நான்கு, வெளித்தோலைத் தொடக் கூடாது, அன்றே எபாக்ஸியால் அடைக்க வேண்டும், செலவு வாங்குபவருடையது. அதற்கு முன் அவர் கண்ணெதிரிலேயே இரண்டு சோதனைகள் செய்தோம். டிரான்சத்தின் உட்புறத்தில் சாக்கட்டியால் பத்து சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். மேலே "டக் டக்" என்று கேட்டது கீழே வரவர "தொப்" என்று இறங்கியது. பிறகு இன்ஜினை மேலே சாய்த்து வைத்து, வாங்குபவர் அதன் கீழ்முனையில் கையை ஊன்றி அமுக்க, நான் டிரான்சத்தின் மேல் விளிம்புக்கு ஓர் இரும்பு ஸ்கேலைக் கொடுத்துப் பிடித்தேன். நடுவில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இடைவெளி திறந்து மூடியது. விற்பவர் குனிந்து அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு துளையைப் பற்றி அவர் வாதாடவில்லை.

டிரில் முனையில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் சுற்றிக்கொண்டேன். முதல் துளை மேலே நடுவில். வெளுத்த, உலர்ந்த சுருள்கள் உதிர்ந்தன, மரக்கடை வாசனை. இரண்டாவது வலப்பக்கம் மேலே, அதேதான். மூன்றாவது வடிகாலுக்கு நான்கு விரல் மேலே. தோலைக் கடந்ததும் டிரில் தானாக உள்ளே விழுந்தது. தடுக்க அங்கே எதுவும் இல்லை. முனையைச் சுற்றிக் காப்பித்தூள் நிறத்தில் ஈரப் பசை, மக்கிய இலை வாசம். நான்காவது அதற்கு இடப்பக்கம் 30 சென்டிமீட்டர் தள்ளி. கருத்திருந்தது, ஈரமாக இருந்தது, ஆனால் நார் நாராக வந்தது. மரம் இன்னும் மரமாக இருந்தது. நான்கையும் தனித்தனி உறையில் போட்டு எண் எழுதினோம்.

நாங்கள் நழுவவிட்டவை

இது வரையான பகுதியைத்தான் வாங்கியவர் மற்றவர்களிடம் சொல்ல விரும்புவார். அடுத்த பகுதியை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு பெரும்பாலும் என்னுடையது.

அறிக்கையில் 24-வது குறிப்பு, ஆய்வாளர் தண்ணீரில் ஓட்டியபோது எழுதியது: இரண்டு பேர், பாதி டேங்க் பெட்ரோல், முழு திராட்டிலில் 4,700 ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்). இந்த இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 5,000 முதல் 6,000. எட்டவில்லை என்றால் இன்ஜின் பலவீனமாக இருக்க வேண்டும், அல்லது புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம், அல்லது அடியில் பாசி, அல்லது படகு கனம். இன்ஜின் நன்றாக இருப்பதை அளந்துவிட்டோம். அடி சுத்தமாக இருந்தது. பெரிய பிட்ச் புரொப்பல்லர் மாட்டியிருப்பதாக விற்பவர் சொன்னார். பார்த்தால் உண்மைதான், வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கூடுதல். காரணம் கிடைத்துவிட்டது என்று அடுத்ததற்குப் போனோம்.

ஓர் அங்குல பிட்ச் மாறினால் தோராயமாக 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும். அதைச் சேர்த்தாலும் 4,900 தான் வருகிறது, அதுவும் வெறும் இரண்டு பேரோடு. கணக்கு அங்கேயே உதைத்தது. நான்கு கம்ப்ரஷன் எண்கள் தந்த சந்தோஷத்தில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

28-வது குறிப்பு: "டிரெய்லரில் ஏற்றிய மறுநாளும் வடிகாலில் சொட்டு." நாங்கள் துளையிட்ட அன்றும் சொட்டிக்கொண்டிருந்தது, படகு தண்ணீரை விட்டு ஒன்பது நாள் ஆகியும். வாங்குபவர் விரலை வைத்துக் காட்டினார். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. "மழைத்தண்ணீர்தான்" என்று சொன்னது நான். மழைக்கு முந்தைய எட்டு நாளும் அது சொட்டியதா என்று விற்பவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முடிவும் அதன் காரணங்களும்

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, முன்பணத்தை வாங்கிக்கொண்டு விலகுவது. இரண்டாவது, விற்பவரே டிரான்சத்தைச் சரிசெய்து கொடுப்பது. இதை நான் கடுமையாக எதிர்த்தேன். டிரான்சம் வேலை மூடிய பிறகு உள்ளே என்ன செய்தார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. விற்றுக் கழிக்கப்போகும் ஒருவர் அதற்கு எவ்வளவு செலவழிப்பார் என்பது ஊகிக்கக் கூடியதுதான். மூன்றாவது, விலையைக் குறைத்து வாங்கி நாமே சரிசெய்வது.

இரண்டு பட்டறைகளில் மதிப்பீடு வாங்கினோம். ஒன்று கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி ஒட்டுவதாகச் சொன்னது, மற்றது உள்தோலை முழுவதும் எடுத்துப் புது மரம் வைப்பதாக. தொகைகள் ஒன்றுக்கு இரண்டு மடங்காக இருந்தன. நான்காவது துளையில் வந்த கருத்த நாரைப் பார்த்த பிறகு ஒட்டு வேலையில் நம்பிக்கை இல்லை. முழு வேலையின் மதிப்பீட்டோடு எதிர்பாராததற்காக 30 சதவீதம் சேர்த்து அந்தத் தொகையைக் குறைக்கக் கேட்டோம். விற்பவர் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கி வந்தார். வாங்குபவர் ஒத்துக்கொண்டார்.

விலகியிருக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், அன்று கையில் இருந்த தகவலை வைத்து வாங்கியது மோசமான முடிவில்லை. கையில் இருந்தும் நாங்கள் படிக்காமல் விட்ட தகவலையும் சேர்த்தால் வேறு பதில்தான்.

பின்னர் நடந்தது

பட்டறைக்காரர் படகை உள்ளே விடும் முன் எடைமேடையில் ஏற்றி வரச் சொன்னார். அவர் வழக்கம் அது. தயாரிப்பாளர் கொடுத்த வெற்று எடை, இன்ஜின், டிரெய்லர், பெட்ரோல், சாமான் எல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் சுமார் 230 கிலோ மிச்சம் இருந்தது. சீட்டைப் பார்த்துவிட்டு, "தரைக்கு அடியில் ஃபோம் இருக்குமே" என்று மட்டும் சொன்னார்.

தரைக்கு அடியில் மிதவைக்காக ஊற்றிய ஃபோம் பின்பாதி முழுக்கத் தண்ணீரைக் குடித்திருந்தது. நீர் உறிஞ்சாத வகை என்று சொல்லி ஊற்றப்படும் ஃபோமும் பல ஆண்டு தேங்கிய நீரில் கிடந்தால் இப்படித்தான் ஆகிறது. செங்கல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்து இரண்டு கையால் அழுத்தினார். முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. அந்த ஈரத்தில் ஊறி, டிரான்சத்தோடு சேரும் இடத்தில் இரண்டு ஸ்டிரிங்கர்களும், அதாவது நீளவாட்டில் ஓடும் அடிக்கட்டைகள், 40 சென்டிமீட்டர் வரை மென்மையாகியிருந்தன. டிரான்சத்தில் உளுப்பு நாங்கள் குறித்த எல்லையைவிட ஒரு கை அகலம் மட்டுமே கூடுதல். அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. கணிக்காமல் விட்டது மீதியைத்தான்.

நான்கு வாரம் என்ற வேலை பதினொரு வாரம் ஆனது. செலவு மதிப்பீட்டைப் போல 1.6 மடங்கு. விலையில் குறைத்தது மதிப்பீட்டில் ஏறக்குறைய 87 சதவீதம். மிச்சம் வாங்கியவர் கையிலிருந்து போனது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியும் போனது. எல்லாம் கூட்டினால், அதே வயதில் நல்ல நிலையில் இருந்த இன்னொரு படகுக்குக் கேட்ட விலையை ஒட்டியே வந்தது. அவர் முதலில் பார்த்து, விலை அதிகம் என்று விட்ட படகு அது.

வேலை முடிந்து மறுபடி எடை போட்டபோது 190 கிலோ குறைந்திருந்தது. அதே புரொப்பல்லரோடு முழு திராட்டிலில் 5,250 ஆர்.பி.எம். இன்ஜின் இரண்டு பருவம் ஓடிவிட்டது, இதுவரை வம்பு செய்யவில்லை. கொப்புளங்களைப் போன முறை எண்ணினோம்: 43.

இன்னொரு முறை என்றால்

எடைமேடைக்கு முதலில் போவேன். டிரெய்லரோடு வரும் படகுக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. விற்பவர் மறுக்கவும் காரணமில்லை.

தரையில் ஒரு சிறு ஆய்வு மூடி இருந்தது, பின்பக்கம், தாழ்ந்த இடத்தில். அதைத் திறந்து ஃபோமில் விரலை அழுத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். டிரான்சத்தில் துளை போட இவ்வளவு வாதாடிய நாங்கள், திருகினால் திறக்கும் மூடியைத் திறக்கவில்லை. சந்தேகம் ஓரிடத்தில் உறுதியானதும் மற்ற இடங்களின் மேல் கண் போகாமல் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆர்.பி.எம். போன்ற எண்ணுக்கு ஒரு காரணம் கிடைத்ததும் நிற்காமல், அந்தக் காரணம் குறையின் எவ்வளவு பங்கை விளக்குகிறது என்று தாளில் எழுதிப் பார்ப்பேன். ஓட்டிப் பார்ப்பதையும் வழக்கமாக ஏறப்போகும் ஆட்களின் எடையோடு செய்யச் சொல்வேன்.

பின்புறப் படத்தை வரைந்தது போல முழுப் படகையும் மேலிருந்து பார்ப்பதாக வரைந்து, 31 எண்களையும் இடம் பார்த்து எழுதுவேன். 28 வடிகாலில் விழுந்திருக்கும், 17-க்கு ஒட்டியே. நான் வரைந்த தாளில்கூட அது அங்கேதான் இருந்தது; பக்கத்தில் பென்சிலால் "மழை" என்று எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் படகின் ஆவணக் கோப்பில் இருக்கிறது.